பெர்த்திலிருந்து தெற்கே காடு, குகை, கடல்: இருவர் காரில் போக ஏற்ற வழி எது?

செப்டம்பர் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருவதாகவும், அங்கிருந்து நீங்களும் துணைவியாரும் மட்டும் வாடகைக் காரில் ஆறு நாள் தெற்கே போய்க் காடு, குகை, கடற்கரை மூன்றையும் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஆல்பனிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மார்கரெட் ரிவரைப் பார்க்கலாமா, துணைவியாருக்கு முழங்கால் வலி இருப்பதால் எதைத் தவிர்க்க வேண்டும், குகைகளில் எது முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெர்த்தில் நெடுங்காலமாக வாழ்ந்துவருபவன், அந்தத் தென்மேற்கு முனையை எல்லாப் பருவத்திலும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆறு நாள் போதும், ஏழு இருந்தால் நல்லது. ஆனால் சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். பெர்த்திலிருந்து நேராகத் தெற்கே பஸ்ஸல்டன், பிறகு மார்கரெட் ரிவர், அகஸ்டா, அங்கிருந்து கிழக்கே பெம்பர்டன், வால்போல், டென்மார்க், ஏழாவது நாள் இருந்தால் கடைசியில் ஆல்பனி என்று போய், ஆல்பனி நெடுஞ்சாலை வழியாகத் திரும்புங்கள். வழியில் ஒதுங்கிப் பார்க்கும் இடங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,300 கி.மீ. வரும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதானே என்று தோன்றலாம். தூரம் ஒன்றுதான், ஆனால் பார்ப்பது மனத்தில் படியும் விதம் ஒன்றல்ல. நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும் காடு, குகை, கடல் ஆகிய மூன்றும் அந்த மண்ணில் ஒரே தொடர்ச்சியின் பகுதிகள். மேற்கிலிருந்து தொடங்கினால் அந்தத் தொடர்ச்சி கண்ணெதிரே ஒழுங்காக விரியும்.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வடக்கே கேப் நேச்சுரலிஸ்ட் முனையிலிருந்து தெற்கே கேப் லூவின் முனைவரை கடலை ஒட்டி ஒரு நீண்ட மேடு ஓடுகிறது. அதன் அடித்தளம் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, நீர் புகாத கெட்டிப் பாறை. அதன் மேல் போர்த்தியிருப்பது மிக இளைய சுண்ணாம்புப் பாறை. அந்தச் சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது. சிப்பி, சங்கு முதலியவற்றின் ஓடுகள் நொறுங்கி மணலாகிக் கரையில் ஒதுங்க, அதைக் காற்று அள்ளிக்கொண்டு போய் மணற்குன்றுகளாகக் குவித்தது. அந்தக் குன்றுகளின் மேல் பெய்த மழை சுண்ணாம்பைக் கரைத்து மணலோடு மணலை ஒட்டவைத்துப் பாறையாக்கியது. அதே மழைநீர், மண்ணில் மட்கிய இலைதழைகளால் சற்று அமிலத்தன்மை பெற்றுக் கீழே இறங்கி, நீர் புகாத அடிப்பாறையைத் தொட்டதும் அதன் மேலேயே ஓடையாக ஓடி, மேலே இருக்கும் சுண்ணாம்பை அரித்துக் குகைகளாகக் குடைந்தது. அதாவது, கடல் மணலைத் தந்தது, காற்று அதைக் குன்றாக்கியது, மழையும் மரமும் சேர்ந்து குகையைச் செய்தன. குகையின் பாறைச் சுவரை நெருங்கிப் பார்த்தால், கடற்கரை மணல்மேட்டை வெட்டினால் தெரிவதுபோன்ற சாய்ந்த வரிகள் தெரியும். அவை அன்றைக்குக் காற்று வீசி மணலை அடுக்கிய வரிகள்தாம்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான வடாண்டி மக்களின் கதையிலும் கடலும் குகையும் சேர்ந்தே வருகின்றன. யாலிங்கப் அருகே உள்ள குகையில் வோல்கீன் என்ற தீய ஆவி குடியிருந்தது என்றும், கடலில் வாழும் நில்கி என்ற நல்ல ஆவி அலை, மின்னல், மழை, இடி, காற்று ஆகியவற்றின் ஆவிகளைத் துணைக்கு அழைத்துப் போரிட்டு அதை விரட்டியது என்றும், அந்தப் போரின் வேகத்தில் குகைக்கும் கடலுக்கும் இடையே நிலம் இடிந்து விழுந்தது என்றும் சொல்கிறார்கள். நிலவியல் அறிஞர்கள் நீளமாக எழுதுவதை அந்த மக்கள் ஒரு போர்க்கதையாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

முதல் நாள் காலையில் பெர்த்தை விட்டால் பஸ்ஸல்டன் சுமார் 220 கி.மீ., இரண்டரை மணி நேரம். பெரும்பாலும் அகலமான நெடுஞ்சாலை என்பதால் புதிய காரில் கை பழகுவதற்கும் நல்லது. பஸ்ஸல்டனை அடையும் முன் லட்லோ என்னும் இடத்தில் பழைய சாலைக்குத் திரும்பி, டூவர்ட் மரக்காட்டின் நடுவே மெதுவாகப் போங்கள். டூவர்ட் என்பது யூகலிப்டஸ் வகைகளில் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் கடலோரச் சுண்ணாம்பு நிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. உயர்ந்து வளர்ந்த டூவர்ட் காடு என்று மிஞ்சியிருப்பதில் பெரிய துண்டு இதுதான். நீலகிரியில் நட்டு வளர்த்த யூகலிப்டஸ் தோப்புகளைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, அந்த மரம் தன் சொந்த மண்ணில் அடிபருத்து, கிளை விரித்து, கீழே புதரும் கொடியுமாக நிற்பது வேறொரு உயிராகவே தெரியும்.

பஸ்ஸல்டனில் பார்க்க வேண்டியது 1865இல் கட்டத் தொடங்கிய மரப்பாலத்துறை. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் அண்டுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போய், கடைசியில் 1.8 கி.மீ. நீளத்தை எட்டியது. 1978இல் ஆல்பி புயல் அதில் ஒரு பகுதியைச் சிதைத்தது. ஊர் மக்கள் விடாமல் முயன்று மீட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்காகச் சிறு ரயில் ஓடுகிறது, துணைவியார் அதிலேயே போய்வரலாம். கோடியில் கடலுக்குள் இறங்கும் கண்ணாடிச் சாளர அறை ஒன்று இருக்கிறது. சுமார் 8 மீட்டர் ஆழத்தில் நின்று, பாலத்தின் மரத்தூண்களில் படர்ந்திருக்கும் மென்பவளங்களையும் அவற்றைச் சுற்றும் மீன்களையும் பார்க்கலாம். செப்டம்பர் முதல் நவம்பர்வரை அந்த விரிகுடாவில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு தங்கிப்போகும் என்பதால், பாலத்தின் மேல் நிற்கும்போது தண்ணீரின் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

முதல் இரண்டு இரவுகளை யாலிங்கப்பிலோ மார்கரெட் ரிவரிலோ தங்குங்கள். மார்கரெட் ரிவர் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒயினுக்கும் பெயர்போன ஊர், விருப்பம் இருந்தால் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்கலாம். நீங்கள் கேட்டது காடும் குகையும் கடலும் என்பதால் அதைப் பற்றி நான் விரிக்கவில்லை. கடலோரத்தில் கால் வலிக்காமல் பார்க்கக்கூடிய இடங்கள் இரண்டு சொல்வேன். ஒன்று கேப் நேச்சுரலிஸ்ட் அருகே சுகர்லோஃப் ராக், கார் நிறுத்துமிடத்திலிருந்தே தெரியும். மற்றொன்று கனால் ராக்ஸ். அடித்தளமான அந்தப் பழைய கெட்டிப் பாறை அங்கே வெளியே தெரிகிறது. அதன் வெடிப்புகளைக் கடல் நீளநீளமான கால்வாய்களாக அறுத்திருக்கிறது. அவற்றின் மேல் கட்டியிருக்கும் சிறு பாலத்தில் நின்றால் காலுக்குக் கீழே அலை நுரைத்துப் பாய்ந்து வடிவதைப் பார்க்கலாம். மறுநாள் குகைக்குள் போகும்போது, இந்தப் பாறைதான் அங்கே தரையாகக் கீழே கிடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, குகைகள். பொதுமக்கள் போகும்படி திறந்திருக்கும் குகைகளில் நில்கி, மேமத், லேக், ஜூவல் என்ற நான்கும் முக்கியமானவை. நான்கையும் பார்க்க வேண்டும் என்று தயவுசெய்து திட்டமிடாதீர்கள். மூன்றாவது குகையில் கண்ணும் மனமும் சலித்துவிடும், நான்காவதில் எதுவும் ஏறாது. இரண்டு போதும், அவற்றையும் வெவ்வேறு நாளில் பாருங்கள். உங்கள் துணைவியாரின் முழங்காலைக் கருதினால் லேக் குகைதான் சங்கடம். நிலம் குழிந்து விழுந்த ஒரு பெரும் பள்ளத்துக்குள் 300க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, பார்த்த பிறகு அத்தனையும் ஏறி வரவேண்டும். ஆனால் அந்தக் குகையின் அழகு தனி. அடியில் ஆண்டு முழுவதும் வற்றாத, கலங்காத நீர் நிற்கிறது. அதன் மேல், பல டன் எடையுள்ள ஒரு சுண்ணாம்புப் பலகை இரண்டு தூண்களால் கூரையிலிருந்து தொங்குகிறது, நீரைத் தொடுவதில்லை. ஒரு காலத்தில் அது தரைமேல் உறைந்த படிவமாக இருந்தது. கீழே இருந்த மணலை ஓடை அரித்துக்கொண்டு போய்விட்டதால் பலகை மட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டது. துணைவியாரால் இறங்க முடியவில்லை என்றால், மேலே விளிம்பில் உள்ள மேடையிலிருந்து அந்தப் பள்ளத்தையும் அதன் அடியிலிருந்து எழும்பி வளர்ந்திருக்கும் கேரி என்ற உயரமான யூகலிப்டஸ் மரங்களையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் மட்டும் போய்வாருங்கள். இருவரும் சேர்ந்தேதான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பதில்லை. குகைக்குள் வழிகாட்டியோடு போகும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான்.

இருவரும் சேர்ந்து போவதற்கு மேமத் குகை ஏற்றது. வழிகாட்டி இல்லாமல், கையில் தரும் ஒலிக்கருவியைக் கேட்டபடி நம் விருப்பம்போல் நின்று நடக்கலாம். முதல் பெருங்கூடம்வரை சக்கர நாற்காலி போகும் அளவுக்குப் பலகைப் பாதை இருக்கிறது. உள்ளே இன்னும் போனால் படிகள் உண்டு, முடிந்தவரை போய்த் திரும்பலாம். அழிந்துபோன பெருவிலங்குகளின் எலும்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோண்டியெடுக்கப்பட்டன. ஸைகோமட்டூரஸ் என்ற, ஏறக்குறைய ஒரு மாட்டின் பருமனுள்ள, கங்காருபோல் பையில் குட்டியை வளர்க்கும் பைம்மா விலங்கின் தாடை எலும்பு இன்றும் சுவரில் பதிந்தபடியே இருக்கிறது. அவசரமாக நடந்தால் அதைத் தவறவிடுவீர்கள். ஒலிக்கருவியில் அதைப் பற்றிச் சொல்லும்போது நின்று தேடுங்கள்.

ஜூவல் குகை அகஸ்டாவுக்கு அருகில் இருக்கிறது, படிகள் உண்டு, ஆனால் லேக் குகையைப்போல ஒரே மூச்சில் இறங்கி ஏறும் படிகள் அல்ல. முழங்கால் ஓரளவு ஒத்துழைத்தால் இதைத்தான் இரண்டாவது குகையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இங்கே கூரையிலிருந்து குழல்போல் தொங்கும் ஒரு மெல்லிய சுண்ணாம்பு விழுது 5 மீட்டருக்கும் அதிக நீளம் உடையது. மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் குகைகளில் உலகிலேயே நீளமானவற்றில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார்கள். வழிகாட்டி விளக்கை அதன் முனையில் அடிக்கும்போது உற்றுப் பாருங்கள். நுனியில் ஒரு சொட்டு நீர் நிற்கும். அந்தச் சொட்டு விழுவதற்கு முன், குழலின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகும். குழலின் உட்புறம் வெறும் துளை, நீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. துளை அடைபட்டால் நீர் வெளிப்புறமாக வழியத் தொடங்கி, குழல் தடித்து, நாம் வழக்கமாகப் படங்களில் பார்க்கும் கூம்பு விழுதாகிவிடும். இந்தக் குழல் அவ்வளவு நீளம் வளரும்வரை அடைபடாமல் இருந்ததுதான் அதிசயம். வருந்தத்தக்க ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜூவல் குகையிலும் முன்பு அடியில் ஏரிநீர் இருந்தது. 1970களுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் குளிர்கால மழை கணிசமாகக் குறைந்தது, குகையின் நீர்மட்டமும் இறங்கி ஏரி வற்றிப்போயிற்று. சுவரில் பழைய நீர்மட்டத்தின் தடம் இருக்கிறது. வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மார்கரெட் ரிவரிலிருந்து அகஸ்டாவுக்கு நெடுஞ்சாலையில் போகாமல், குகைகளைத் தொட்டுக்கொண்டு போகும் கேவ்ஸ் ரோட்டில் போங்கள். அந்தச் சாலையில் போரனப் என்ற கேரிக் காடு குறுக்கிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எம். சி. டேவிஸ் என்பவரின் மர நிறுவனம் இங்கே காட்டை வெட்டித் தள்ளியது. இப்போது நிற்பவை அதன்பின் தானாக முளைத்து வளர்ந்தவை. நூறு ஆண்டு கடந்த மரங்கள், ஏறக்குறைய ஒரே வயது என்பதால் ஒரே உயரத்தில் நேராக, வெளிர்த் தண்டோடு நிற்கின்றன. மிக அழகான காடு. ஆனால் வெட்டப்பட்ட காடு எப்படி மீண்டு எழும் என்பதற்கு இது உதாரணம், தொன்மையான காட்டின் முகத்தைப் பெம்பர்டனில்தான் பார்ப்பீர்கள். சாலையோரம் நின்று தண்டைத் தொட்டுப் பாருங்கள், பட்டை வழுவழுப்பாக இருக்கும். கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது பழைய பட்டையை உரித்து எறிந்துவிட்டு இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகப் புதுப்பட்டை காட்டும். நீங்கள் வரும் வசந்தத்தில் தண்டு சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்கும், அடியில் ஊதாப் பூக்கொடிகள் புதர்மேல் ஏறிப் பூத்திருக்கும்.

போரனப்பைக் கடந்ததும் மேற்கே திரும்பினால் ஹேமலின் விரிகுடா. அலை அடங்கிய நாளில் பெரிய திருக்கை மீன்கள் முழங்கால் ஆழத்துக்கும் குறைவான நீரில் மணலை ஒட்டி வந்து உலாவும். கரும்பழுப்புப் போர்வை ஒன்று ஓரத்தை மட்டும் சுருட்டி விரித்து நகர்வதுபோல் இருக்கும். தீனி போடாதீர்கள், தொடாதீர்கள், வாலில் நச்சு முள் உண்டு. கரையில் அசையாமல் நின்றாலே அவை அருகில் வரும்.

அகஸ்டாவில் கேப் லூவின் கலங்கரை விளக்கம். 1895இல் ஏற்றப்பட்டது, 39 மீட்டர் உயரம், இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சந்திக்கும் முனை என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம். கடலில் அப்படி ஒரு கோடு தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இரு திசையிலிருந்தும் வரும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுவதைக் காற்றுள்ள நாளில் காணலாம். நான் அங்கே எல்லாரையும் பார்க்கச் சொல்வது, கலங்கரை விளக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் பழைய மர நீர்ச்சக்கரத்தை. கலங்கரை விளக்கம் கட்டியவர்களுக்கு ஊற்றுநீரை ஏற்றித்தர வைத்தது. ஊற்றில் கரைந்திருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து சக்கரமே கல்லாகிவிட்டது. குகைக்குள் பல்லாயிரம் ஆண்டுகளில் நடப்பதை ஒரு நூற்றாண்டில் சுருக்கிக் காட்டும் இடம் அது. குகைகளைப் பார்த்த பிறகு அதைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். திசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் பிற்பகலில் அகஸ்டாவிலிருந்து கிழக்கே பெம்பர்டனுக்குப் போங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இங்கே இரண்டு இரவு தங்குங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன், ஏனென்றால் இந்த வழியில் வருகிற பெரும்பாலோர் பெம்பர்டனை ஒரு மதிய உணவுக்கு மட்டும் நிறுத்திக் கடந்துவிடுகிறார்கள். கேரி உலகின் மிக உயரமான மர வகைகளில் ஒன்று, 80 மீட்டரைத் தாண்டிய மரங்கள் உண்டு. உச்சியைப் பார்க்கக் கழுத்தை வளைத்து வளைத்து, கடைசியில் காரின் முகப்பில் சாய்ந்து மல்லாந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்த உயரம் காலை ஒளியிலும் மழை பெய்து ஓய்ந்த பின்னும் வெவ்வேறாகத் தெரியும், அவசரமாகப் போனால் கிடைக்காது. ஊரைச் சுற்றி 86 கி.மீ. நீளத்துக்குக் காட்டுக்குள் வளைந்து செல்லும் கேரி ஃபாரஸ்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற பாதை இருக்கிறது. சில பகுதிகள் சரளைச் சாலை, ஆனால் சாதாரணக் காரிலேயே மெதுவாகப் போகலாம். உங்கள் வாடகை ஒப்பந்தம் சரளைச் சாலையை அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாரன் தேசியப் பூங்காவில் ஆற்றங்கரையோரம் நிற்கும் பழங்கேரிகளையும், பீடலப் அருவியையும் அன்றைக்குப் பார்த்துவிடலாம். அந்த அருவி குளிர்கால மழை முடிந்த உங்கள் பருவத்தில்தான் நன்றாக விழும்.

பெம்பர்டன் பகுதியில் மலை கிடையாது. காட்டுத் தீயை எங்கிருந்து கண்காணிப்பது? கோபுரம் கட்டினாலும் மரங்கள் அதைவிட உயரம். அதனால் 1937க்கும் 1952க்கும் இடையில் உயரமான மரங்களையே, எட்டு இடங்களில், காவல் கோபுரமாக்கினார்கள். அவற்றுள் ஒன்று குளோஸ்டர் மரம். 1946இல் ஜாக் வாட்சன் என்பவர் இடுப்பு வாரையும் முள் பதித்த காலணிகளையும் மட்டும் நம்பி, பக்கக் கிளைகளைச் சுற்றி வளைத்து ஏறி இறங்க ஆறு மணி நேரம் பட்ட பாட்டுக்குப் பிறகே, மரம் தகுதியானது என்று முடிவானது. பிறகு தண்டைச் சுற்றித் திருகுபடிபோல் முளைகளை அடித்து, 50 மீட்டருக்கு மேல் உச்சியில் காவல் அறை அமைத்தார்கள். 1970களில் கண்காணிப்பு விமானங்கள் வந்ததும் அந்த வேலை மரங்களிடமிருந்து போயிற்று, சுற்றுலாப் பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். ஏறும் மரங்களைப் பாதுகாப்புக்காக மூடிவைப்பதும் திறப்பதும் நடக்கிறது, போகும் முன் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். திறந்திருந்தாலும் நீங்கள் ஏற வேண்டாம் என்பது என் கருத்து. பிடித்துக்கொள்ள முளைகள்தாம், கீழே விழாமல் தடுக்கப் பக்கத்தில் கம்பி வலை மட்டும்தான், நடுவழியில் திகைத்துவிட்டால் மேலிருந்து இறங்குபவரும் சிக்கிக்கொள்வார். அடியில் நின்று அந்த முளைகள் ஒரு புள்ளியாகச் சுருங்கும்வரை அண்ணாந்து பார்ப்பதே போதும்.

ஐந்தாம் நாள் வால்போல் நோக்கிக் காட்டுக்குள்ளேயே போகும் சாலை. வழியில் ஊர்கள் மிகக் குறைவு, கைபேசிச் சமிக்ஞையும் பல இடங்களில் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பெம்பர்டனிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வால்போலுக்குக் கிழக்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் வேலி ஆஃப் த ஜயண்ட்ஸ் இருக்கிறது. முழங்கால் வலியுள்ளவருக்கு இந்தப் பயணத்தின் பெரும் பரிசு இதுதான். சிவப்பு டிங்கிள் என்ற மரங்களின் உச்சிகளுக்கு நடுவே, தரையிலிருந்து 40 மீட்டர் உயரம்வரை எழும் 600 மீட்டர் நீள எஃகு நடைபாலம், படி ஒன்றுகூட இல்லாமல் மெல்லிய சரிவாகவே ஏறி இறங்குகிறது. சக்கர நாற்காலியிலும் போகலாம். நடக்கும்போது பாலம் லேசாக ஆடும், அது ஆடும்படியே கட்டப்பட்டது என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

அந்தப் பாலம் ஏன் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் அதன் மதிப்பு கூடும். சிவப்பு டிங்கிள் வால்போலைச் சுற்றியுள்ள சிறு பகுதியில் மட்டுமே வளர்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 20 மீட்டரையும் தாண்டும், நானூறு ஆண்டுகள் வாழக்கூடும். காட்டுத் தீ அடிமரத்தின் உட்பகுதியைத் தின்று பொந்தாக்கிவிட்டாலும், பட்டையை ஒட்டிய உயிருள்ள வளையத்தின் பலத்திலேயே நிற்கும். அப்படிப்பட்ட ஒரு பெரும் பொந்து மரத்துக்குள் காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திப் படம் எடுப்பது பல பத்தாண்டுகளாக எல்லாரும் செய்த விளையாட்டு. டிங்கிளின் வேர்கள் ஆழம் போவதில்லை, மேல்மண்ணிலேயே படர்கின்றன. சக்கரங்களும் கால்களும் அந்த மண்ணை மிதித்து மிதித்து இறுக்கியதில் வேர்களுக்குக் காற்றும் நீரும் போகாமல், 1990இல் அந்த மரம் சாய்ந்து விழுந்தது. அதன் பிறகுதான் மக்களைத் தரையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்து, 1996இல் இந்த நடைபாலத்தைத் திறந்தார்கள். பாலத்தின் அருகில், மரங்களின் வேரடி வழியே போகும் குட்டையான இன்னொரு பாதையும் பெரும்பாலும் பலகை மேல்தான் போகிறது. பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்காதீர்கள். பல காட்டுப் பாதைகளின் வாயிலில் காலணியைத் தேய்த்துத் துடைக்கத் தூரிகைகள் வைத்திருப்பார்கள், அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம். காலணி மண்ணில் ஒட்டிப் பரவும் ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கிருமி அந்தப் பகுதியின் தாவரங்களைப் பெருமளவில் கொன்றுகொண்டிருக்கிறது, குணப்படுத்த மருந்து இல்லை. வணிக அளவில் இயற்கைக் காடுகளை வெட்டுவதை மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2024 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. இனி அந்தக் காடுகளுக்கு மிஞ்சியிருக்கும் ஆபத்துகளில் இந்த நோயும் தீயும் வறட்சியும்தான் பெரியவை.

அன்று இரவு டென்மார்க்கில் தங்குங்கள். ஊருக்கு மேற்கே 15 கி.மீ. அளவில் வில்லியம் பே தேசியப் பூங்காவில் கிரீன்ஸ் பூல், எலிஃபண்ட் ராக்ஸ் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இதுவரை சுண்ணாம்புக் கரையைப் பார்த்தவர்களுக்கு இங்கே கிரானைட் கரை. உருண்டு திரண்ட பெரும்பாறைகள் கடலுக்குள் வரிசையாக நின்று அலையைத் தடுப்பதால், தென்பெருங்கடல் அங்கே குளம்போல் அடங்கிக் கிடக்கிறது. நீந்தத் தெரியாதவர்களும் இறங்கலாம், ஆனால் செப்டம்பரில் நீர் மிகக் குளிர்ச்சி. எலிஃபண்ட் ராக்ஸில் பாறைகள் யானைக்கூட்டம் தண்ணீரில் இறங்கி நிற்பதுபோல் இருப்பது உண்மைதான், பெயர் பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.

ஆல்பனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாவது நாள் கிடைத்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் டென்மார்க்கிலிருந்து மவுண்ட் பார்க்கர் வழியாகப் பெர்த்துக்குத் திரும்பிவிடுவது நல்லது. காலையில் ஆல்பனியைச் சுற்றிவிட்டு மாலையில் 420 கி.மீ. ஓட்டுவது இந்தப் பயணம் முழுவதையும் களைப்பில் முடிக்கச் செய்யும். சேர்த்துக்கொண்டால், டோர்ன்டிரப் தேசியப் பூங்காவில் த கேப் என்ற பிளவைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 40 மீட்டர் மேலே பாறை விளிம்பைத் தாண்டி நீட்டியிருக்கும் இரும்புச் சட்ட மேடை, 2016இல் திறந்தது, சக்கர நாற்காலியும் போகும். அந்தப் பாறைகளும் அண்டார்க்டிகாவின் கரையில் உள்ள சில பாறைகளும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தவை. ஊருக்கு அருகிலேயே, ஆஸ்திரேலியாவின் கடைசித் திமிங்கில வேட்டை நிலையம் இருக்கிறது. 1978இல் வேட்டை நின்றது, இப்போது அருங்காட்சியகம். பஸ்ஸல்டனில் திமிங்கிலங்களை உயிரோடு பார்த்த பிறகு அங்கே போவது கனமான அனுபவம், ஆனால் போக வேண்டிய இடம்.

தென்கரை முழுவதற்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை. அமைதியாக இருக்கும் கடலிலிருந்து திடீரென்று பேரலை எழுந்து பாறைமேல் நிற்பவரை இழுத்துக்கொண்டு போவது அங்கே அடிக்கடி நடந்திருக்கிறது. பலர் இறந்திருக்கிறார்கள். ஈரமான, கருத்த பாறை என்றால் அலை வந்து போகும் இடம் என்று பொருள், அதன் மேல் கால் வைக்காதீர்கள். படம் எடுப்பதற்காக மேடை வேலியைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

வண்டி ஓட்டுவதில் நம் ஊர்க்காரர்களுக்கு வசதி, அங்கேயும் இடப்பக்கம்தான். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய உரிமத்தோடு பன்னாட்டு அனுமதிச் சீட்டையும் எடுத்துவாருங்கள், பல வாடகை நிறுவனங்கள் கேட்கும். மாலை நான்கு மணிக்குள் தங்குமிடத்தை அடைந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தி வேளையிலும் விடியலிலும் கங்காருகள் சாலைக்கு வருகின்றன. குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிரேக் போடுங்கள், மரத்தில் மோதுவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்குவதால் தங்குமிடங்களையும் குகைச் சீட்டுகளையும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். சமையலறையுள்ள சிறு வீடுகளாகப் பாருங்கள். சிற்றூர்களில் உணவகங்கள் இரவு எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவதும், சைவ உணவு என்றால் உருளைக்கிழங்கு வறுவலோடு முடிந்துவிடுவதும் சாதாரணம். அரிசி, பருப்பு, காய்கறிகளைப் பஸ்ஸல்டனிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் கவலை இல்லை. சில தேசியப் பூங்காக்களில் காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து விடுமுறைச் சீட்டாக வாங்கினால் குறைவாக வரும்.

திரும்பும் வழியில் மவுண்ட் பார்க்கருக்குக் கிழக்கே 20 கி.மீ. அளவில் போரங்கரப் குன்றுகள் இருக்கின்றன. ஏழு நாள் திட்டம் என்றால் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கேரிக் காட்டின் எல்லையிலிருந்து வெகு தூரத்தில், சுற்றிலும் வறண்ட மேய்ச்சல் நிலம் இருக்க, அந்தக் குன்றின் சரிவுகளில் மட்டும் கேரி மரங்கள் தனித்து நிற்கின்றன. மொட்டையான கிரானைட் முகடுகளிலிருந்து வழியும் மழைநீர் அடிவாரத்து மண்ணை ஈரமாகவே வைத்திருப்பதால்தான் அவை அங்கே பிழைத்திருக்கின்றன. மேலே ஏற வேண்டியதில்லை, அடிவாரத்து மரநிழலிலேயே மதிய உணவை முடித்துக்கொண்டு பன்னிரண்டரை மணிக்குள் புறப்பட்டால், வழியில் வில்லியம்ஸ் என்ற ஊரில் தேநீருக்கு நின்றாலும் இருட்டுவதற்குள் பெர்த்துக்கு வந்துசேரலாம்.